பதினொரு முகங்களும் பத்தொன்பது குடும்பங்களும்

படத்தில் இருந்தவர்கள் பதினொருவர். அவர்களைத் தம் தகப்பன் என்றும் பாட்டன் என்றும் உரிமை கொண்டாடிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குள் அருள்நாதனின் வாசலில் வந்து குவிந்த குடும்பங்கள் பத்தொன்பது.

"ஒவ்வொருத்தரா சொல்லுங்க. நான் எழுதிக்கினு வர்றேன்" என்று அருள்நாதன் கோடு போட்ட ஏட்டை விரித்தார்.

"என்னாத்த எழுதறது? கோல் கீப்பரு எங்க ஊட்டுக்காரரு. அதை மொதல்ல எழுது" என்றாள் மேலக்கரைக் கெங்கம்மாள்.

"அண்ணே, கோல் கீப்பர் எங்கப்பா" என்றான் கீழக்கரை அந்தோணி பிரபு.

அருள்நாதன் எழுதுகோலை மூடிவைத்தார்.

திண்டிவனம் பேருந்து நிலையத்தில், தனியார் பேருந்துகளுக்கு நேரம் குறிக்கும் டைம் கீப்பராக முப்பத்தோராண்டு நின்று ஓய்வு பெற்றவர் அவர். ஒன்பது பன்னிரண்டுக்குப் புறப்பட வேண்டிய வண்டி ஒன்பது பதின்மூன்றுக்குப் புறப்பட்டால், அந்த ஒரு நிமிடத்துக்கு ஓட்டுநரிடம் எழுத்து மூலமாக விளக்கம் கேட்டவர். எழுதிவைத்தது பொய்க்காது என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை மெச்சித்தான் திட்டேரித் தீவுக் கால்பந்துக் கழகத்தார் அவரைச் செயலாளர் ஆக்கினர். கழகத்தில் வேறு எவருடைய கையெழுத்தும் படிக்கும்படியாக இல்லை என்பதும் ஒரு காரணம்.

திட்டேரி, மயிலம் செல்லும் வழியில் பேருந்தை விட்டிறங்கி இரண்டு கல் நடந்தால் வரும் ஊர். ஏரியின் நடுவே இரண்டு ஏக்கர் பரப்பில் ஒரு மேட்டுத்திட்டு உண்டு. கோடையில் அது வெறும் மேடு. ஐப்பசி மழை பெய்து ஏரி நிறைந்துவிட்டால் மாசி வரையில் தீவு. கிழக்குக் கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள். மேற்குக் கரையில் வேளாண்மை செய்யும் இந்துக் குடும்பங்கள். திட்டு எந்தக் கரைக்கும் சொந்தமன்று. ஆகையால் இரு கரைப் பிள்ளைகளும் அங்கே சென்று பந்து உதைத்தனர். கழகத்தின் வரலாறு அவ்வளவு எளிதாகத்தான் தொடங்கிற்று.

அந்தக் கழகத்துக்கென்று சில தனிச்சட்டங்களும் இருந்தன. தண்ணீரில் பந்தை அடித்தவனே நீந்திச் சென்று எடுத்துவர வேண்டும். இடப்பக்கம் ஏரி ஆழம். ஆதலால் இடப்பக்க ஆட்டக்காரனுக்குக் கால் வேகத்தைவிட நீச்சல் முக்கியம். இடைவேளைக்குக் கீழக்கரையார் அவித்த மல்லாட்டை என்னும் நிலக்கடலையும் மேலக்கரையார் கேப்பைக் கூழும் கொண்டுவருவர். கூழ் குடித்த அணி பிற்பாதியில் ஓடாது என்பதை அறிந்து, வெளியூர் அணிக்கே முதற்கலயத்தை நீட்டுவது ஊர் மரியாதை.

இவ்வளவு பழைமை வாய்ந்த திட்டுக்கு இப்போது ஓர் இடர் வந்துவிட்டது. ஏரியைத் தூர்வாரும் திட்டம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. அளவெடுக்க வந்த பொறியாளர் அருணா, இளவயதினள், நேர்மையானவள். கரையில் நின்று ஒளிக்காமல் சொல்லிவிட்டாள்:

"சார், திட்டை வெட்டி எடுத்துட்டா தண்ணி கூடுதலா நிக்கும். அதுதான் கணக்கு. அம்பது வருஷமா இங்க ஒரு கிளப் ஆடிக்கிட்டு இருக்குன்னு எழுத்துல காட்டுங்க; திட்டை விட்டுடச் சொல்லி நானே எழுதறேன். வெள்ளிக்கிழமை வரைபடம் முடிவாயிடும்."

கழகத்தின் பதிவேடுகள் பத்தாண்டுக்கு முந்தைய பெருமழையில் ஏரியோடு போய்விட்டன. எஞ்சியது கழகம் கூடும் மன்ற அறையின் சுவரில் உயரத்தில் தொங்கிய ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பதினொரு இளைஞர்கள், அறுவர் நிற்க, ஐவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்தவன் மடியில் பந்து. பந்தின்மேல் சுண்ணக்கட்டியால் '7–0'. படத்தின் பின்புறம், 'காணை ஆட்டம், 1975' என்று மட்டும் எழுதியிருந்தது. விழுப்புரத்துக்கு அப்பாலிருக்கும் காணையிலிருந்து வந்த பேர்பெற்ற அணியைத் திட்டேரி ஏழு கோல் போட்டு விரட்டிய வரலாறு, ஊரில் பால்குடி மறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மனப்பாடம். மன்ற அறையின் வெளிச்சுவரில் அதைப் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருந்தனர்.

"படத்துல இருக்கிறவங்க யார் யார்னு, குடும்பத்துக்காரங்க கையெழுத்தோட குடுங்க" என்று அருணா கேட்டிருந்தாள். அந்தச் சிறு வேண்டுகோள்தான் பத்தொன்பது குடும்பங்களையும் வாசலுக்குக் கொணர்ந்தது.

"காதைப் பாரு தம்பி" என்று கெங்கம்மாள் படத்தின்மேல் விரலை ஊன்றினாள். "எங்க ஊட்டுக்காரரு காது. முப்பத்தஞ்சு வருசம் அந்தக் காதுலதான் பேசினேன்."

"கேட்டுக்கினாராக்கா?" என்றார் அருள்நாதன்.

"எங்க கேட்டாரு? அதனாலதான் காதையே பாத்துக்கினு இருந்தேன். எனக்குத் தெரியாதா?"

"காது எல்லாருக்கும்தான் இருக்குது. கையைப் பாருங்கண்ணே" என்றான் அந்தோணி பிரபு. "எங்கப்பாவுக்குக் கை நீளம்."

"அது ஊருக்கே தெரியும். எங்க தென்னந்தோப்பைக் கேளு" என்றாள் கெங்கம்மாள்.

அருள்நாதன் இருவருக்கும் இடையில் எழுந்து நின்றார். நடுப்பகலில் கூட்டம் கலைந்தபோது ஏட்டில் ஒரே ஒரு பெயர்தான் ஏறியிருந்தது. அதையும் அவர் யாரும் காணாத நேரத்தில் எழுதியிருந்தார்.

அவருடைய மனைவி அருள்ராணி மோர் கொண்டுவந்தவள், ஏட்டை எட்டிப் பார்த்தாள்.

"நடுவுல, பந்தோட இருக்கிறது யாருன்னு போட்டிருக்கீங்க?"

"எங்கப்பா. கேப்டன்."

"மாமாவா? தண்ணின்னா அவருக்கு ஆவாதே. தலைக்குக் குளிக்க வெக்கவே ரெண்டு ஆளு புடிக்கணும். திட்டுக்கு எப்படிப் போனாரு?"

"பயத்தை ஜெயிச்சிக்கினு போயிருக்கலாம் இல்ல?"

"போயிருப்பாரு. நீங்க எழுதினா போயிருப்பாரு" என்று சொல்லி அவள் உள்ளே சென்றாள்.

அருள்நாதனுக்கு உறுத்தியது. ஆயினும் அந்தப் பெயரை அடிக்க மனம் வரவில்லை. அவருடைய தந்தையை ஊரார் 'பந்துக்குக் காத்தடிக்கிறவர்' என்றே வழங்கி வந்தனர். காற்றடித்தவருக்கு ஒரு நாளாவது பந்து மடியில் இருக்கட்டுமே என்று மகன் எண்ணியதில் என்ன பிழை?

இனி நேரில் கண்டவர் ஒருவரைக் கேட்பதே வழி என்று முடிவாயிற்று. அக்காலத்துத் திட்டேரி அணியில் ஆடியவர்களில் உயிரோடிருந்தவர் ஒருவரே: மேலக்கரைக் கோதண்டபாணி. எழுபத்தொன்பது வயது, இயல்பாகவே பேச்சுக் குறைவு. மாலையில் இரு கரையாரும் திரண்டு அவர் வீட்டுக்குச் சென்று, சுவரிலிருந்து கழற்றிவந்த படத்தைக் கட்டிலருகே நீட்டினர்.

கிழவர் படத்தை நெடுநேரம் பார்த்தார். கண்ணில் நீர் கோத்தது.

"ஐயா, இதுல நீங்க எங்க நிக்கிறீங்க?" என்று அருள்நாதன் மெல்லக் கேட்டார்.

"நான் இல்ல" என்றார் கோதண்டபாணி. அவ்வளவுதான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துப் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

"இந்தப் படத்தைக் காட்டினா எப்பவும் இப்படித்தான். ராத்திரி சோறும் எறங்காது" என்றாள் அவருடைய மருமகள்.

"கூட ஆடினவங்க ஞாபகம். இல்லாமப் போவுமா?" என்று கெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மற்றவர்களும் துடைத்துக்கொண்டனர்.

"ஆனா இவரு ஏன் படத்துல இல்ல?" என்று அந்தோணி பிரபுவுக்கு ஐயம் எழுந்தது.

"பந்து தண்ணில வுழுந்திருக்கும். எடுக்கப் போயிருப்பாரு" என்றார் அருள்நாதன். யாவருக்கும் அது பொருத்தமாகவே பட்டது.

புதன்கிழமை, மகள் வெனிலா உதவிக்கு வந்தாள். திண்டிவனத்தில் கணினி மையமொன்றில் வேலை பார்ப்பவள். மங்கிய படத்தைத் தெளிவாக்கும் செயலி ஒன்று தன் கைப்பேசியில் இருப்பதாகச் சொன்னாள்.

"முகம் பளிச்சுன்னு தெரிஞ்சிடும்பா. அப்புறம் சண்டையே இருக்காது."

முகம் பளிச்சென்றுதான் தெரிந்தது. பதினொரு பேருக்கும் ஒரே முகம். கோதுமை நிறம், கத்தரித்த தாடி, வரிசை குலையாத வெண்பற்கள். புன்னகையும் ஒன்றே.

"இவங்க பதினோரு பேரும் ஒரு தாய்ப் பிள்ளைங்களா?" என்று அருள்ராணி கேட்டாள்.

படம் அதற்குள் ஊரின் வாட்ஸாப் குழுவில் பரவிவிட்டது. முன்பு வாய் திறவாதிருந்த குடும்பங்களும், 'இது எங்கள் பாட்டனாரின் சாயல்' என்று எழுதத் தொடங்கின. நண்பகலில் பத்தொன்பது, இருபத்தாறாயிற்று. கெங்கம்மாள் நேரில் வந்து கைப்பேசியை வாங்கிப் பார்த்தாள்.

"காது பூடுச்சு" என்றாள் வருத்தத்துடன். பின்னர் சற்றே கிட்டத்தில் பிடித்துப் பார்த்தாள். "போனாப் போவுது. இந்தாளும் நல்லாத்தான் இருக்கான். இவனுக்கே எங்க ஊட்டுக்காரரு பேரைப் போட்டுடு."

அருள்நாதன் அந்தப் படத்தை அழித்தார். புதிதாகச் சேர்ந்த ஏழு குடும்பங்களும் தாடி மறைந்ததும் தாமாகவே மறைந்தன. பழைய பத்தொன்பது மட்டும் அசையவில்லை. பதினொரு இடம், எட்டுப் பேர் மிச்சம். நேரம் குறித்தே பழகிய மூளையில் அப்போது ஒரு யோசனை உதித்தது. வண்டியில் இடம் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள்? கூடுதலாக ஒரு வண்டி விடுவார்கள்.

"வெனிலா, பின்னாடி இன்னொரு வரிசை சேர்க்க முடியுமாம்மா? மாற்று ஆட்டக்காரங்கன்னு போட்டுக்கலாம்."

"முடியும்பா. ஆனா அவங்க போட்டோ வேணுமே."

எட்டுக் குடும்பங்களும் கைக்கு அகப்பட்ட படங்களை அனுப்பின. ஒருவர் வாக்காளர் அட்டையிலிருந்து வந்தார். ஒருவர் திருமணப் படத்திலிருந்து. ஒருவர் வேளாங்கண்ணிக் கடற்கரையிலிருந்து. வெனிலா இரண்டு மணி நேரம் முயன்று அவர்களை ஏரிக்கரையில் கொண்டுவந்து நிறுத்தினாள். அருள்நாதன் பத்தொன்பது பெயர்களையும் முத்து முத்தாக எழுதி, படத்தோடு சேர்த்து மாலை நான்கு நாற்பதுக்கு அருணாவுக்கு அனுப்பச் செய்தார். நான்கு ஐம்பத்திரண்டுக்கு அழைப்பு வந்தது.

"சார், பின்வரிசையில ரெண்டாவது ஆளு கழுத்துல மாலையோட நிக்கிறாரு."

"அன்னிக்குத்தான் மேடம் அவருக்குக் கல்யாணம். ஆட்டத்தை முடிச்சிட்டு நேரா மணமேடைக்குப் போனாரு."

"சரி. கடைசியில நிக்கிறவரு தலைக்கு மேல 'கண்ணீர் அஞ்சலி'ன்னு எழுதியிருக்கே."

முப்பத்தோராண்டு விளக்கம் கேட்டே பழகியவருக்கு, விளக்கம் சொல்லும் பயிற்சி இல்லை.

"சார், நான் உங்க பக்கம்தான்" என்றாள் அருணா. அவள் குரலில் கோபம் இல்லை. அதுவே அவரை மேலும் வெட்கப்படச் செய்தது. "இதை மேல அனுப்பினா திட்டுக்கு முன்னாடி என்னைத்தான் தூர்வாருவாங்க. ஒட்டு வேலை எதுவும் வேணாம். பழைய படத்தை அப்படியே கொண்டு வாங்க. குடும்பத்துக்காரங்க ஒரே தாள்ல ஒத்துமையா கையெழுத்துப் போடட்டும். அப்புறம், உங்க ஊர்க்காரரா இல்லாத ஒரு சாட்சி. அந்தக் காலத்துல திட்டுல ஆட்டம் நடந்ததைக் கண்ணால பார்த்தவரு. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அன்றிரவு அருள்நாதன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வெளியூர் சாட்சிக்கு எங்க போறது?" என்று முணுமுணுத்தார்.

"தோத்தவங்களைப் போய்க் கேளுங்க" என்றாள் அருள்ராணி. "ஜெயிச்சவன் மறந்துடுவான். ஏழு கோல் வாங்கினவன் மறப்பானா?"

வியாழக்கிழமை காலை அவர் விழுப்புரம் சென்று, அங்கிருந்து வண்டி மாறிக் காணைக்குப் போனார். வழிநெடுகிலும் அவர் உள்ளம் சங்கடப்பட்டது. தோற்றுப்போன ஊரில் சென்று, 'உங்களைத் தோற்கடித்த கதையை வந்து சொல்லுங்கள்' என்று எப்படிக் கேட்பது? பேருந்திலேயே மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் முகத்தில் அறைவன போலவே இருந்தன.

காணையில் தேநீர்க் கடைக்காரர், "பழைய ஃபுட்பால் ஆளா? நடராசனாரைப் பாருங்க, கரும்பு ஏத்திக்கினு இருப்பாரு" என்று வழி காட்டினார். வயலோரத்தில், எழுபத்திரண்டு வயதிலும் நிமிர்ந்த முதுகோடு, கரும்புக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார் நடராசன்.

"ஐயா, நான் திட்டேரியிலேருந்து வர்றேன்."

எண்ணிக்கை நின்றது. "திட்டேரியா? ஏரி நடுவுல திட்டு இருக்குமே, அந்த ஊரா?"

"ஆமாங்க ஐயா."

"திட்டு இன்னும் இருக்குதா?"

"நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா இனிமேலும் இருக்கும்" என்று தொடங்கி, அருள்நாதன் நடந்ததனைத்தையும் சொன்னார். கோல் கணக்கை மட்டும் பண்போடு விலக்கினார்.

நடராசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "எழுவத்தஞ்சு, பொங்கல் கழிஞ்ச மறுவாரம். ஏழு கோலு. அதை மறக்க முடியுமா தம்பி? நேத்து நடந்தாப்புல இருக்குது."

அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. அருள்நாதன் பெரியவரின் கையைப் பற்றிக்கொண்டார்.

"அதையெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க ஐயா. ஆட்டம்னா அப்படியும் இப்படியும்தான் இருக்கும்."

நடராசன் அவரை வியப்போடு ஏறிட்டுப் பார்த்தார். "பெரிய மனசு தம்பி உங்களுக்கு" என்றார். "உங்க ஊருல எங்களை யாராச்சும் நெனச்சிக்கினு இருப்பாங்களா?"

"நெனைக்காத நாளே இல்லைங்க."

"அப்ப கட்டாயம் வர்றேன்."

அன்று மாலை மன்ற அறையில் ஊர் கூடிற்று. அருள்நாதன் தம் பழைய டைம் கீப்பர் குரலில் ஆணையிட்டார்: "நாளைக்கு வர்றவரு வயசானவரு. அந்தத் தோல்வி இன்னும் மனசுல முள்ளா இருக்குது. நானே பாத்தேன், கண்ணு கலங்கிப்போச்சு. அதனால ஏழுன்ற வார்த்தையே யாரு வாயிலேயும் வரக்கூடாது."

"மணி ஏழான்னா?" என்று அந்தோணி பிரபு கேட்டான்.

"அவரு போறவரைக்கும் ஆறே முக்காலோட நிறுத்திக்க."

வெளிச்சுவரிலிருந்த வெற்றிச் செய்தியைக் கெங்கம்மாள் தன் பழைய புடவையைக் கட்டி மறைத்தாள். அடுத்து எழுந்தது கையெழுத்துச் சிக்கல். கோல் கீப்பர் எவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. தாள் வெறுமையாகவே கிடந்தது. அரைமணி நேரம் கூச்சல். அதன் நடுவே, திறந்த சன்னல் வழியாக ஏரி தெரிந்தது. திட்டில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தனர். எவனோ பந்தை ஆழத்தில் அடித்துவிட்டான். அவனே தொப்பென்று குதித்து நீந்திப் போனான். கூச்சல் சிறிது சிறிதாக அடங்கிற்று.

"ஏம்பா, நாளான்னைக்கு இந்தப் பசங்க எங்க போயி ஆடும்?" என்றாள் கெங்கம்மாள். பின்னர் அருள்நாதன் பக்கம் திரும்பினாள். "தம்பி, இப்படி எழுது. படத்துல இருக்கிற பதினோரு பேரும், எங்க பத்தொம்பது குடும்பத்துக்கும் அப்பனுங்கதான். பிரிச்சிச் சொல்ல மாட்டோம். ஒரு ஊருக்கு அப்பனுங்க அதிகமா இருந்தா ஒண்ணும் குத்தமில்ல."

"எங்கம்மா காதுல வுழுந்தா ஒதைக்கும்க்கா" என்றான் அந்தோணி பிரபு. ஆயினும் முதல் கையெழுத்தை அவனே போட்டான்.

அருள்நாதன் ஏட்டைத் திறந்தார். நடுவில் பந்தோடிருந்தவனுக்கு நேரே எழுதிய தம் தந்தையின் பெயரை ஒரு கணம் பார்த்தார். அளவுகோலை வைத்து நேராக ஒரு கோடு கிழித்து அதை அடித்தார். அருள்ராணி அதைக் கண்டாள். அன்றிரவு அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு முட்டை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, நெகிழிப் பீப்பாய்களைக் கட்டிய மிதவையில் அருணாவும் நடராசனும் திட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஊரே அங்கு நின்றது. கோல் கம்பத்தில் பழைய படத்தை மாட்டி, மேலக்கரையார் சாமந்தி மாலையும் சந்தனப் பொட்டும் இட்டிருந்தனர். கீழக்கரையார் கீழே மெழுகுவத்தி ஏற்றியிருந்தனர். கோதண்டபாணியை நாற்காலியோடு தூக்கிவரச் சிலர் போனதுண்டு. அவர் போர்வையை விடவில்லை.

அருணா பத்தொன்பது கையெழுத்துகளையும் படித்தாள். "எல்லாரும் எல்லாருக்கும் அப்பாவா?" என்று கேட்டாள்.

"எங்க ஊர் ஒத்துமை அப்படி மேடம்" என்றாள் கெங்கம்மாள்.

அருணா சிரிப்பை அடக்கிக்கொண்டு நடராசன் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சொல்லுங்க. அம்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க கிளப் இருந்துச்சா?"

நடராசன் மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "இருந்துச்சும்மா. சத்தியமா இருந்துச்சு. இதே எடந்தான். கம்பம் அப்பப் பனைமரத்துல நட்டிருந்தாங்க. அந்தப் பக்கம் ஆழம். பந்து தண்ணில போச்சுன்னா அடிச்சவனே நீந்தி எடுக்கணும். நானே ரெண்டு தடவை குதிச்சேன். நடுவுல கேப்பைக் கூழு குடுத்தாங்க. நாங்க உசாரா குடிக்கல."

ஆடியவனன்றி வேறொருவன் அறிய முடியாதவை அவை. அருணா கோப்பைத் திறந்து, அங்கேயே நின்றபடி எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தும் காட்டினாள். 'நடுத்திட்டு ஐம்பதாண்டுக்கு மேலாக விளையாட்டிடமாகப் பயன்பட்டு வருவதால், அதனை நீக்காமல் விட்டுவிடப் பரிந்துரைக்கப்படுகிறது.'

பிள்ளைகள் விசிலடித்தனர். மிதவைப் பீப்பாய்களைத் தட்டி முழக்கினர். "ஐயா, அன்னிக்கு மட்டும் அந்த ஏ..." என்று உணர்ச்சி மிகுந்து தொடங்கிய அந்தோணி பிரபுவின் காலைக் கெங்கம்மாள் அழுத்தி மிதித்தாள்.

அருள்நாதனுக்குக் கண்ணீர் முட்டிற்று. தோல்வியின் வடுவை நெஞ்சில் சுமந்துகொண்டு, தம்மை வென்ற ஊரைக் காக்க வந்த மனிதர் அல்லவா இவர்? அவருடைய தோளில் பொன்னாடை போர்த்தி, கையைப் பற்றிக் கோல் கம்பத்தருகே அழைத்துச் சென்றார்.

"ஐயா, இவங்கதான் எங்க முன்னோருங்க. வருசா வருசம் மாலை போட்டுக் கும்பிடறோம். எங்களுக்குத்தான் யாரு யாருன்னு தெரியல. இதுல உங்களுக்கு யாரையாச்சும் அடையாளம் தெரியுதா?"

நடராசன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மாலையைச் சற்றே விலக்கி, குனிந்து பார்த்தார். நிற்கும் அறுவரையும், இருக்கும் ஐவரையும் ஒவ்வொருவராக விரலால் தொட்டுவந்தார். நடுவில், பந்தின்மேல் விரல் நின்றது. நிமிர்ந்தவர், கூடியிருந்த ஊரை நோக்கிக் கை குவித்தார்.

"பந்தோட குந்திக்கினு இருக்கிறது நான்தான் தம்பி; தோத்த ஊரு திருப்பி ஜெயிக்கிற வரைக்கும் ஜெயிச்ச ஊரு படத்தைச் செவுத்துல மாட்டி வெக்கணும்னு அன்னிக்குப் பந்தயம் பேசினோம், அதை அம்பது வருசமா மாலை போட்டு மாட்டி வெச்சிருக்கீங்களே, இப்படி வாக்குத் தவறாத ஊரை என் ஆயுசுல நான் பாத்ததே இல்ல."